சட்டை முதுகில் பிடாரி

6 ஜூலை 2025

தேக்கா சந்தையில் மீன்காரர் கையிலிருந்து ஒரு நண்டு தப்பி ஓடியது. தங்கை சுஷ்மிதா வாய்விட்டுச் சிரித்தாள். யாருக்குத்தான் சிரிப்பு வராது? விசாலாட்சி அத்தைக்கு வரவில்லை.

"பதினாலு வயசு, அடங்காப்பிடாரி லா இது. வர்ற ஞாயிறு ஜெய் வீட்டுல மோகனாவைப் பொண்ணு பார்க்க வர்றாங்க. அதுக்குள்ள இவ வாய்க்குப் பூட்டு போடு."

அம்மா தலையாட்டினாள். பெண் பார்க்கப்படப்போகிற நானும்தான்.

8 ஜூலை

"அக்கா, பிடாரின்னா யாரு?"

ஊர் எல்லையைக் காக்கும் தேவதை என்கிறது அகராதி. சோழர் கல்வெட்டில் அவள் கோயில் நிலத்துக்கு வரிகூடக் கிடையாது. காவலுக்கு வைத்துக் கும்பிட்டவர்களே திட்டுவதற்கும் அவள் பெயரை எடுத்துக்கொண்டார்கள். அடங்கிப்போன காவல்காரியால் யாருக்கு என்ன பயன்? ஆண்பிள்ளைக்கு இணையான சொல் தேடினேன். சேட்டைக்காரன். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார்கள்.

சுஷ்மிதாவுக்கு ஒரே குஷி. "அப்போ அத்தை என்னை சாமின்னு சொல்லிருக்காங்க."

10 ஜூலை

அவள் ஃபுட்சால் பந்தாட்ட அணியில் சட்டை முதுகில் ஆளுக்கொரு பட்டப்பெயர் அச்சடித்துக்கொள்வார்களாம். இவள் முதுகில், தமிழில், கொட்டை எழுத்தில்: பிடாரி.

அம்மா அந்தச் சட்டையைத் துவைத்து, உள்பக்கம் வெளியே தெரியப் புரட்டித்தான் ஜன்னலுக்கு வெளியே நீட்டிய மூங்கில் கழியில் மாட்டினாள். எதிர் அடுக்குமாடி புளோக்கில் அத்தை வீடு.

11 ஜூலை

இறுதி ஆட்டம் ஞாயிறு நாலு மணிக்கு, ஜூரோங்கில். அவர்கள் வருவதும் நாலு மணிக்கு. "குடும்பத்தோட பார்க்கணும்னு சொல்லிருக்காங்க. அவ வீட்ல இருக்கணும், பேசாம இருக்கணும்" என்கிறாள் அம்மா.

12 ஜூலை

நேற்றிலிருந்து சுஷ்மிதா பேசவில்லை. சாப்பிட்ட தட்டைச் சத்தமில்லாமல் கழுவி வைக்கிறாள். வீடு அமைதியாக இருக்கிறது — இதைத்தானே கேட்டோம்? எனக்கு எரிச்சலாக வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

13 ஜூலை

காலையில் நானே ஜெய்க்கு போன் செய்தேன். தங்கைக்கு ஆட்டம், நாங்கள் இருக்க மாட்டோம், அடுத்த வாரம் வர முடியுமா என்று கேட்டேன்.

"அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேங்க."

அவருக்கு முப்பத்தொரு வயது.

அம்மாவிடம் சொல்லிவிட்டு சுஷ்மிதாவை அழைத்துக்கொண்டு எம்ஆர்டி ரயில் ஏறினேன். அம்மா கதவை மறிக்கவில்லை.

14 ஜூலை

தோற்றுவிட்டார்கள். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. நான் அப்படிக் கத்துவேன் என்று எனக்கே தெரியாது.

அத்தை அழைத்தார். பேச வாய் திறந்தால் எனக்குக் காற்றுதான் வந்தது. சுஷ்மிதா போனை வாங்கி, வகுப்பில் செய்யுள் ஒப்பிக்கும் குரலில், "அத்தை, அக்காவால பேச முடியாது. நேத்து ரொம்பக் கத்திட்டாங்க" என்றாள்.

அத்தை போட்ட சத்தம் அடுப்படிவரை கேட்டது. ஜெய் வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். "ரெண்டுமே அடங்காப்பிடாரியா போச்சு."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனை வாங்கினாள். "ஆமா அண்ணி. ரெண்டும்தான்."

பிறகு ஈரத்துணி வாளியோடு ஜன்னலுக்குப் போனாள். எழுத்து வெளியே தெரிய, சட்டையை நன்றாக உதறி மாட்டினாள்.