பென்சிலில் எழுதிய பெயர்

என்னங்க, டூட்டிக்குக் கிளம்பிட்டேன். நேத்து ரெண்டு ஷிப்ட் பார்த்து இடுப்பே ஒடிஞ்சுபோச்சு. சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்.

பதினொரு மணிக்கு உங்க பெரியத்தை வர்றாங்க. போன தடவை மாதிரி எடுத்த எடுப்புல, "தாத்தா எந்த வருஷம் செத்தாரு?"ன்னு கேக்காதீங்க. பழைய போட்டோவைக் கையில குடுத்து, "அப்ப நீங்க எத்தனாவது படிச்சீங்க?"ன்னு கேளுங்க. வருஷம் தானா வரும்.

உங்க வம்ச வரைபடத்துல அஞ்சு தலைமுறை ஆம்பளைங்களுக்கும் பேர் இருக்கு. பக்கத்துல எல்லாம் வெறும் 'மனைவி'. உங்க பக்கத்துலயும் அப்படித்தான். ராத்திரி நான் கத்தினது அதுக்குத்தான். அந்தப் பொம்பளைங்க பேரையும் அத்தைகிட்ட கேளுங்க.

பி.கு.: உறுதியாகாத பேரைப் பென்சில்லதான் எழுதணும்னு சொல்வீங்களே, உங்க பக்கத்துல என் பேரைப் பென்சில்லயே எழுதியிருக்கேன். இருபது வருஷமா இதே வீட்லதான் இருக்கேன். நல்லா விசாரிச்சுட்டு மையால எழுதுங்க.