வைரக்கண்ணுவின் விரல்

ஜனவரி 20, திங்கள்

இன்று என் விரலுக்குப் பதிலாக வைரக்கண்ணுவின் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தேன். வெறும் வயிற்றில் 124. மெஷினிலிருந்து எண் நேராக செல்போன் ஆப்புக்குப் போய்ப் பச்சை காட்டியது. ஆஸ்பத்திரி நர்ஸ் வானதியும் அதைப் பார்க்கும். என் விரலுக்கு எப்போதும் சிவப்புதான். இந்த மாதமும் இறங்காவிட்டால் இன்சுலின் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சம்பா நெல் கொள்முதல் நேரத்தில் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டு களம் களமாக அலைய முடியுமா?

வைரக்கண்ணு என் லோடுமேன். ஒரு காலத்தில் நானும் அவனோடு மூட்டை தூக்கியவன்தான். “என் ரத்தத்துக்கு என்னண்ணே வெல?” என்றான். டீயும் வடையும்.

ஜனவரி 24

118. பச்சை. “சூப்பர் சார், இப்படியே நடங்க” என்றது வானதி. நடந்தவன் அவன், முதுகில் மூட்டையோடு.

ஜனவரி 30

176. போனைப் பார்த்த என் மனைவி அம்சம் பிடித்துக்கொண்டாள். “திருவையாறு போனீங்களே, அசோகா அல்வா தின்னீங்களா?” தின்றது நான். ஏறியது அவனுக்கு. இது என்ன கூத்து?

பிப்ரவரி 4

384. மறுபடி குத்தினேன். 391.

வானதி உடனே போன் செய்தது. “சார், கால்ல எங்கயாவது புண்ணு இருக்கா?”

“இல்லம்மா.”

“விரல் இடுக்குலயும் பாருங்க.”

நான் வைரக்கண்ணுவின் காலைப் பார்த்தேன். கட்டைவிரலில் அழுக்குத் துணி.

“அறுத்த வயல்ல நெல்லுத் தாள் குத்திச்சுண்ணே. பத்து நாளாச்சு. வலியே இல்ல.” அவிழ்த்தான். கருப்பு. நாற்றம்.

சொன்னால் ஊர் சிரிக்கும். சொல்லாவிட்டால்?

மூட்டையின் மேலே காய்ந்த நெல்லைப் போட்டு ஏமாற்றுகிறவனை அடியில் குத்தூசி விட்டுப் பிடிக்கிறவன் நான். நானும் மேல்நெல்லைத்தானே காட்டியிருக்கேன்! 176லயே அந்த மெஷின் சொல்லிடுச்சே — நான் அசோகாவை நெனச்சுக்கிட்டு நின்னேனே —

வானதிக்குப் போன் போட்டேன். “அது என் விரல் இல்லம்மா.”

“விரலுக்குச் சொந்தக்காரரக் கூட்டிட்டு இப்பவே கெளம்புங்க. நீங்களுந்தான்.”

பிப்ரவரி 5

அவன் கால் கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பியது. “இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா பாதமும் போயிருக்கும்” என்றார் டாக்டர். என் விரலில் 312.

பிப்ரவரி 16

வைரக்கண்ணு வீடு திரும்பினான். போய் உட்கார்ந்தேன். திட்டுவான் என்று பார்த்தேன். “நீங்க குத்தலன்னா எனக்கு யாருண்ணே குத்தியிருப்பா?” என்றான். அதற்குத் திட்டே தேவலை.

பேசி முடித்தது: அவன் பெயரில் தனி மெஷின், தனி ஆப். தினமும் காலை ஆறு மணிக்குக் கடையில், என் விரலை அவன் குத்துவான், அவன் விரலை நான். எந்த எண் வந்தாலும் அப்படியே போகும். இனி மூட்டை இல்லை. எடைமேடையில் உட்காருவான், அதே கூலி. இன்சுலின் எனக்குப் பதினாறு யூனிட், அவனுக்குப் பன்னிரண்டு.