ஐந்தாம் அத்தியாயத்தில் வந்த நாய்

நேற்று பீரோவின் அடித்தட்டை ஒழித்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் புடவைக்கும் கீழே, பாச்சை உருண்டை வாசனையோடு அந்தப் புத்தகம் கிடந்தது. அட்டையில் பச்சை மையில் ஒரு பெண்ணின் இரண்டு கண்கள், அதற்குக் கீழே ஒரு பாழும் பங்களா. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருக்கிறது. வேலையைப் போட்டுவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்துவிட்டேன். ஐந்தாம் அத்தியாயம் வந்ததும் வழக்கம்போல நாயைத் தேடினேன். இல்லை. அந்த நாய் புத்தகத்தில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. உங்களிடம்தான் இருந்தது.

நீங்கள் போய் இரண்டு ஆடி கழிந்துவிட்டது. உங்களிடம் ஒரு விஷயத்தை நான் சொல்லவே இல்லை. இனிமேல் சொன்னால் ஒன்றும் கெட்டுப்போகாது என்று இதை எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசி அது. நமக்குக் கல்யாணமாகி மறுவருஷம், எனக்கு ஆறாம் மாதம். காஞ்சிபுரமே அந்தப் பேய்ப் படத்தைப் பற்றித்தான் பேசியது. தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனால் அதே பேச்சு, தறிக்குப் பாவு நூல் நீட்டும் இடத்தில் அதே பேச்சு. நானும் போகிறேன் என்றேன். உங்கள் அம்மா விடவில்லை.

"மாசமா இருக்கறவ பேய்ப் படம் பாத்தா கொழந்தை அலறிக்கினேதான் பொறக்கும். வூட்ல குந்திக்கினு ராட்டையில தார் சுத்து."

அமாவாசையன்று தறிக்கு ஓய்வு. நீங்கள் மட்டும் சட்டை மாட்டிக்கொண்டு மேட்னிக்குக் கிளம்பினீர்கள். கதையை ஒன்றுவிடாமல் வந்து சொல்ல வேண்டும் என்று வாசல் வரைக்கும் வந்து சொல்லி அனுப்பினேன். திரும்பி வந்தபோது முகம் நன்றாக இல்லை. "தல வலிக்குது, நாளைக்கு சொல்றேன்" என்று படுத்துக்கொண்டீர்கள். எனக்கு அப்போதே மூக்கில் வேர்த்தது. பிறவியிலேயே நான் சந்தேகப் பிராணி. பால்காரர் சிரித்தால்கூட எவ்வளவு தண்ணீர் என்றுதான் யோசிப்பேன்.

மறுநாளிலிருந்து கதை ஆரம்பமானது. நீங்கள் தறிக் குழியில் காலைத் தொங்கவிட்டு, ஊடு நூல் நாடாவை இப்படியும் அப்படியும் எறிந்துகொண்டே சொல்வீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ராட்டையில் பட்டைச் சுற்றிக்கொண்டே கேட்பேன். ஒரு பங்களா. அதற்குப் புதுப் பெண்டாட்டியாக ஒருத்தி வருகிறாள். மாடியில் பூட்டிய அறை ஒன்று. உள்ளேயிருந்து கிரீச், கிரீச் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை நீங்கள் வாயால் போட்டுக் காட்டினால் என் கை ராட்டையிலேயே நின்றுவிடும். எதிர்வீட்டு சரோஜா அந்தச் சத்தத்துக்கு எட்டிப் பார்த்துவிட்டுத் தன் வேலைக்குப் போய்விடுவாள்.

"அப்புறம்? கதவத் தொறந்தாங்களா?"

"தொறந்தாங்க."

"உள்ள இன்னா இருந்துச்சு?"

நாடா இரண்டு தடவை போய் வந்த பிறகுதான் பதில் வந்தது. "நாய்."

"நாயா?"

"ஆமா. செவலை நாய். சங்கிலி போட்டுக் கட்டி வெச்சிருந்தாங்க. சங்கிலிதான் ஜன்னல் கம்பில உரசி கிரீச் கிரீச்சுன்னுது."

இதற்காகவா ஊரில் ஆம்பளைகளே பயந்து செத்தார்கள் என்று எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அதற்கப்புறம் உங்கள் கதையில் அந்த நாய்தான் எல்லாமும். நகைக்காகக் கொலையான ஒருத்தியின் ஆவியை அது மோப்பம் பிடித்தது, திருடனைக் கடித்தது, கடைசியில் புதுப் பெண்டாட்டியின் காலடியில் வந்து படுத்தது. சுபம்.

சரோஜாவை நினைவிருக்கும் உங்களுக்கு. தெலுங்குக்காரி, நம் தெருவில் முதலில் படம் பார்த்த பொம்பளை. படம் நன்றாக ஓடுவதைப் பார்த்து யாரோ அதை நாவலாகவே எழுதிப் போட்டிருந்தார்கள். அவள் தம்பி வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டில் அதை வாங்கி வந்தான். உங்கள் அம்மா அந்தப் பக்கம் போன நேரத்தில் முந்தானைக்குள் வைத்து எனக்குக் கொடுத்தாள்.

"ஒரு நாய் கதைக்கா ஊரே இப்பிடி பயந்துது?" என்றேன் அவளிடம்.

"ஏமி நாயி? அந்தப் படத்துல நாயே இல்லியே, அக்கா."

அன்று ஆரம்பித்தது என் விசாரணை. மத்தியானம் நீங்கள் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரத்தில் நானும் சரோஜாவும் அவள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்துவிடுவோம். நான் ஒரு அத்தியாயம் படிப்பேன். படத்தில் அந்த இடம் எப்படி என்று அவள் சொல்வாள். நீங்கள் அதை எப்படிச் சொன்னீர்கள் என்று நான் ஒப்பிடுவேன். முதல் அத்தியாயத்தில் புதுப்பெண் புத்தகத்தில் குதிரை வண்டியில் வருகிறாள், படத்தில் கார். நீங்களும் கார் என்றுதான் சொல்லியிருந்தீர்கள். இரண்டாம் அத்தியாயத்தில் சமையல்காரன் புத்தகத்தில் ஊமை, படத்தில் அவன்தான் சிரிப்பு நடிகன், ஓயாமல் பேசுகிறான். நீங்களும் அவன் பேச்சைப் பேசிக் காட்டியிருந்தீர்கள். மூன்றில் படத்துக்கு ஒரு பாட்டு, புத்தகத்தில் பாட்டுக்குப் பதிலாக ஒரு பக்கம் முழுக்க நிலா வர்ணனை. எழுதினவர் படத்தை அவசரத்தில் பார்த்துவிட்டு மிச்சத்தை நிலாவால் ரொப்பியிருக்கிறார் என்று சிரித்தோம். நாலாம் அத்தியாயம் வரைக்கும் நீங்களும் படமும் ஒன்று.

ஐந்தில் எல்லாம் மாறியது. புத்தகத்தில் பூட்டிய அறைக்குள்ளே ஒரு தொட்டில். ஆள் இல்லாமல் தானாக ஆடுகிறது. கிரீச்சென்ற சத்தம் தொட்டில் சங்கிலியின் சத்தம். அந்த வீட்டின் முதல் மனைவி அதே அறையில் பிரசவத்தில் செத்தவள், பிள்ளையும் தங்கவில்லை. அவள்தான் பேய். படத்திலும் அப்படியே என்றாள் சரோஜா. தொட்டிலைக் காட்டியதும் பிரசவ வலியில் ஒரு அலறல் கேட்குமாம், அதோடு இடைவேளையாம். ஆறு, ஏழு, எட்டு எல்லாவற்றிலும் அந்தத் தாயும் பிள்ளையும்தான். முடிவு மட்டும் வேறு வேறு. படத்தில் புதுப்பெண்ணுக்கு நல்லபடியாகப் பிள்ளை பிறந்து கோயிலில் கற்பூரம் காட்டுகிறார்கள். புத்தகத்தில் அவளுக்கும் வலி எடுக்கிறது, மாடியில் தொட்டில் மறுபடி ஆட ஆரம்பிக்கிறது, அங்கேயே முடித்துவிட்டான் பாவி. எதிலும் நாய் இல்லை.

"எங்க வூட்டுக்காரரு ஒண்ணு சொன்னாரு" என்றாள் சரோஜா, தயங்கித் தயங்கி. "அன்னிக்கு இன்டர்வெல்லுக்கு அப்புறம் உங்க வூட்டுக்காரரு உள்ளயே வரலியாம். படம் வுட்டு வந்தா, சைக்கிள் ஸ்டாண்டாண்ட நின்னுக்கினு இருந்தாராம்."

ஆக, நீங்கள் பாதிப் படத்தில் எழுந்து எங்கேயோ போயிருக்கிறீர்கள். என் புத்தி நேராகக் கூரத்துக்குப் போனது. நான் உங்களுக்கு இரண்டாம் தாரம். தெரிந்துதான் கழுத்தை நீட்டினேன். செத்துப்போன உங்கள் முதல் மனைவியை அக்கா என்றுதான் சொல்வேன்; அந்த அக்காவின் பிறந்த வீடு கூரத்தில். கல்யாணமாகாத தங்கை ஒருத்தி அங்கே இருந்தாள். சைக்கிளை மிதித்தால் படம் விடுவதற்குள் போய்த் திரும்பலாம். இரண்டு நாள் உங்களோடு சரியாகப் பேசவில்லை. உங்கள் சட்டைப் பையையெல்லாம் துழாவினேன். பாதி டிக்கெட்டும் கொஞ்சம் ஜரிகைத் தூளும்தான் இருந்தன.

பிறகு நூல் விட்டுப் பார்த்தேன்.

"கூரத்துல எல்லாம் சௌக்கியமா?"

"எனக்கு இன்னா தெரியும்? அவ போனதுக்கப்புறம் நான் அந்தப் பக்கமே போவல."

நேரான பதில். அதில் நாய் இல்லை. அது ஏன் அப்போது என் மனதில் பட்டது என்று தெரியவில்லை. ராட்டையைச் சுற்றிக்கொண்டே யோசித்தேன். அந்தக் கதையில் உங்களுக்குத் தெரியாத இடம் வந்தால் நாய் வந்தது, சொல்லப் பிடிக்காத இடம் வந்தாலும் நாய் வந்தது. இதற்கு முன்னால் எப்போதாவது நீங்கள் என்னிடம் நாயைப் பற்றிப் பேசியதுண்டா?

பேசியிருந்தீர்கள். கல்யாணமான புதிதில் அக்கா எப்படிப் போனார்கள் என்று கேட்டேன். "காய்ச்சல்தான். நாலே நாள்" என்றீர்கள். அதோடு நிறுத்தவில்லை. "தெருக்கோடில ஒரு செவலை நாய் ஊளயிட்டுக்கினே இருந்துது. தொரத்தத் தொரத்த திரும்பி வந்து நிக்குது" என்றீர்கள். நாய் ஊளையிட்டால் சாவு என்று யார்தான் நம்பமாட்டார்கள்? நானும் நம்பினேன். அக்காவுக்காக அழுதும் தீர்த்தேன்.

வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது. ராட்டையை நிறுத்தினேன். இந்த வீட்டிலும் நான் உள்ளே போகாத அறை ஒன்று இருந்தது. பின்கட்டில், நூல் மூட்டை போட்டு வைக்கும் அறை. என் பிரசவத்துக்கு அதைத்தான் மெழுகி வைக்கப் போவதாக உங்கள் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். மருத்துவச்சிக்கும் சொல்லியாகிவிட்டது.

தறிக்கு எதிரே போய் நின்றேன்.

"அவங்க காய்ச்சல்ல சாவல. இல்ல?"

நாடா பாதி வழியில் நின்றது. நீங்கள் தலை நிமிரவில்லை.

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. நீங்க சொல்லுங்க."

நெய்த துணியை உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தீர்கள். அப்புறம் சொன்னீர்கள். "பிரசவத்துல. பின்கட்டுல. ரெண்டும் போச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போலாம்னு நான் சொன்னேன், சத்தமா சொல்லல. படத்துல அந்தக் கத்தல் கேட்டுச்சு. என்னால உக்கார முடியல. வெளிய வந்துட்டேன். மீதிக் கதை எனக்கு இன்னா தெரியும்?"

அதில் நாய் இல்லை. நான் கடைசி வார்த்தை வரைக்கும் காத்திருந்து பார்த்தேன். இல்லை.

"நான் பின்கட்டுல பெத்துக்க மாட்டேன்" என்றேன்.

உங்கள் அம்மாவின் சத்தம் தெருவுக்கே கேட்டது. "எங்க வம்சத்துல எவ ஆஸ்பத்திரி படி ஏறினா? புள்ளய மாத்திக் குடுத்துடுவாங்க!" என்று அவர் கத்த, நீங்கள் குழியிலிருந்து எழுந்து வந்து, "ஆஸ்பத்திரிதான். இந்தவாட்டி சத்தமா சொல்றேன், ஆஸ்பத்திரிதான்" என்றீர்கள். அன்றைக்குத்தான் உங்கள் மேல் எனக்கு நிஜமான ஆசை வந்தது. இதையும் நான் சொன்னதில்லை.

மகள் கழுத்தில் கொடி சுற்றித்தான் பிறந்தாள். டாக்டரம்மா பக்கத்தில் இருந்ததால் பிழைத்தோம் என்று நர்ஸ் சொன்னாள். நீங்கள் வார்டு வாசலில் வந்து நின்றீர்கள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"பயந்துட்டீங்களா?"

"பயமா? எனக்கா? கீழ ஒரு நாயிகூட வெளயாடிக்கினு இருந்தேன்."

தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன். எதற்குச் சிரிக்கிறேன் என்று நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. எப்போதுமே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாயை விட்டுவிட்டு ஆட்டையோ மாட்டையோ பிடித்துக்கொண்டிருப்பீர்கள், நான் மறுபடி முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டியிருந்திருக்கும்.

அந்த நாய் நம் வீட்டில் எத்தனை வருஷம் வளர்ந்தது! புடவையை முதலாளி குறை சொல்லித் திருப்பி அனுப்பிய நாளில், "வழியில ஒரு நாய் தொரத்துச்சு, அதான் லேட்டு" என்றீர்கள். மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் வேண்டாமென்று சொல்லிவிட்டதை மறைத்தபோது அவர்கள் வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது. நான் நம்பினதுபோலவே கேட்டுக்கொண்டு பின்னால் விசாரித்துத் தெரிந்துகொள்வேன். சந்தேகப்பட்டதற்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. அது இல்லையென்றால் பின்கட்டிலேயே போய்ச் சேர்ந்திருப்பேன். மகளும் உங்களைப் போலத்தான். அவள் பொய்யில் மழை பெய்யும். போனில் "இங்க செம மழைம்மா" என்றால், மாப்பிள்ளையோடு சண்டை என்று எனக்குத் தெரிந்துவிடும்.

கடைசியாக நீங்கள் சென்னைக்குப் போய் டாக்டரிடம் வயிற்று வலியைக் காட்டிவிட்டு வந்தீர்கள். நானும் வருகிறேன் என்றதற்கு வேண்டாமென்று சொல்லிவிட்டுத் தனியாகத்தான் போனீர்கள். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றினீர்கள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

"டாக்டர் இன்னா சொன்னாரு?"

"ஒண்ணுமில்லன்னுட்டாரு. வெறும் புண்ணுதான். மாத்திரை சாப்ட்டா ஆறிடுமாம்."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. காமாட்சிக்கு ஒரு புடவை சாத்திவிடலாம் என்றுகூட மனதுக்குள் நேர்ந்துகொண்டேன். நீங்கள் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தீர்கள்.

"அந்த ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு நாய் பாத்தேம்மா. போறவன் வர்றவன் எல்லார்கிட்டயும் போயி வாலாட்டிக்கினு..."

சொம்பை எடுக்கக் குனிந்தவள் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன். அழுதால் தெரிந்துவிடும் உங்களுக்கு. முந்தானையால் முகத்து வேர்வையைத் துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டேன். நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள், நான் நம்பிவிட்டேனா என்று.

"இன்னா கலரு அது?" என்று கேட்டேன். "செவலையா?"

"ஆமா, செவலைதான்" என்றீர்கள் ஆச்சரியமாக.

"அப்புறம்?" என்றேன். "அப்புறம் அது இன்னா பண்ணுச்சு, சொல்லுங்க."

விளக்கு வைக்கும் நேரம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நான் இடையில் எழுந்திருக்கவே இல்லை.