அனூக் நடந்தாள்

அன்புள்ள லொயிக்,

உன் இருமல் நின்றதா? நம் அனூக்குக்குக் காய்ச்சல் இல்லையே? நான் நலம்.

இன்று பிரெஞ்சு இறந்தகாலம் நடத்தினேன். துணைவினையோடு வினையின் முடிந்த வடிவத்தைச் சேர்த்து, “எல் அ மர்ஷே”, அதாவது ‘அவள் நடந்தாள்’ என்று கரும்பலகையில் எழுதினேன்.

“யாரு மேடம்?” என்றான் இத்ரிஸ்.

“என் பொண்ணு. நேத்துதான் முதல் தடவையா.”

“பாத்தீங்களா?”

“அவ எங்க ஊரு பிரெஸ்ட்ல இருக்கா. அவ அப்பா போன்ல சொன்னாரு.”

“எங்களுக்கு இறந்தகாலம் சொல்லித்தர அவளை விட்டுட்டா வந்தீங்க? நல்ல வேலை மேடம்!”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

இந்த ஆண்டும் ஊருக்கு மாற்றல் இல்லையாம். நான் அவளைத் தூக்கும்போது போட்டிருந்த சாம்பல் ஸ்வெட்டரை அனுப்பு, துவைக்காதே.

அவள் ‘அம்மா’ என்று சொல்லத் தொடங்கினால் எனக்குச் சொல்லாதே. நான் வரும் அன்றுதான் முதன்முதலாகச் சொன்னாள் என்று பொய் சொல்லிவிடு. நம்பிக்கொள்கிறேன்.

தூக்கம் வருகிறது. முத்தங்கள்.

சோலென்