பாறைக்கு வராத ஜூலை

பிப்ரவரி 6

வெளியே மைனஸ் இருபத்தாறு. வீட்டுக்குள் பதினேழு. லெனார்ட் காலுறைக்கு மேல் காலுறை மாட்டிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் காபி குடித்தான். திட்டியிருந்தால் தேவலை. இந்தக் கட்டடத்துக்குச் சூடு எங்கிருந்து வரவேண்டும் என்று வரைந்து கொடுத்தவள் அவன் பெண்டாட்டிதானே.

லிஃப்டில் ஸ்டாஃபான். குடியிருப்போர் சங்கத் தலைவர். "என்ன இங்கேலா, உன் பாறை தூங்குதா? கொஞ்சம் எழுப்பி விடேன்" என்றார். சிரித்துவைத்தேன். லிஃப்டில் வேறு என்ன செய்வது.

முற்றத்துக்கு அடியில் பதினான்கு துளைகள், ஒவ்வொன்றும் இருநூற்று எழுபது மீட்டர் ஆழம். குளிர்காலத்தில் பாறையின் சூட்டை எடுத்து வீடுகளுக்குக் கொடுக்கிறோம். கோடையில் வீட்டுக்குள் வரும் காற்றைக் குளிரவைத்து, அந்தச் சூட்டைத் திரும்பப் பாறைக்குள் இறக்குகிறோம். கொடுக்கல் வாங்கல் ஒழுங்காக நடந்தால், இருபது வருடம் போனாலும், குழாயில் கீழிருந்து வரும் ஆல்கஹால் கலந்த, உறையாத நீர் மைனஸ் ஒன்றுக்குக் கீழே இறங்காது. இப்படித்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இது நான்காவது குளிர்காலம். இன்று மைனஸ் நாலரை.

சூடெல்லாம் எங்கே போகிறது?

பிப்ரவரி 8

இரண்டாம் மாடியில் கைக்குழந்தைக்குச் சளியாம். படியில் அந்தப் பெண் என்னைப் பார்த்துவிட்டுப் பார்க்காதமாதிரி போனாள்.

பிப்ரவரி 19

மூன்று நாளாக அதே கணக்கு. பாறை சூட்டைக் கடத்தும் திறனை முதல் துளையில் நானே நின்று அளந்தேன், தப்பில்லை. துளைகளுக்கு இடையே உள்ள தூரத்திலும் குறையில்லை. வீடுகள் எடுக்கும் சூடு நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் கம்மிதான்! அப்படியென்றால் பாறை ஏன் இப்படி உறைகிறது? எதிர்த்தெரு வீட்டுக்காரர்கள் சாய்வாகத் துளை போட்டு எங்கள் பாறைக்குள் நுழைந்துவிட்டார்களோ என்றுகூடப் பார்த்தேன். அவர்கள் துளை தெற்கே போகிறது, நாங்கள் இருப்பது வடக்கே. பாவம், அவர்களை மனதுக்குள் ஒரு நாள் முழுக்கத் திட்டியிருக்கிறேன்.

இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. இந்த ஊமியோ நகரத்தில் பாதிக் கட்டடங்களின் அடிப்பாறை எனக்கு மனப்பாடம். என் வீட்டுக்கு அடியில் இருப்பது மட்டும் புரியவில்லை.

மார்ச் 4

குன்வோர் காபிக்கு வந்தாள், ஏலக்காய் பன்னோடு. எழுபத்தாறு வயதில் பனியில் காலால் உதைத்துத் தள்ளும் சறுக்குவண்டி ஓட்டிப் போய் வாங்கி வந்திருக்கிறாள். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கட்டடத்தின் சலவை அறை, குப்பை அறை, பம்ப் அறை எல்லாவற்றையும் யாரும் சொல்லாமலே பார்த்துக்கொள்கிறாள். யாராவது சலவை இயந்திரத்தில் பஞ்சை விட்டுவிட்டுப் போனால் மறுநாள் பெயர் சொல்லி ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அந்தச் சீட்டு வாங்காதவர் இங்கே யாருமில்லை. ஸ்டாஃபானுக்கு மட்டும் ஏழெட்டு.

"அந்த ஆளு என்ன வேணா பேசட்டும்டி. ஈரக் காலணியோட சலவை அறைக்குள்ள வர்ற மனுஷன், அவனுக்குப் பாறையப் பத்தி என்ன தெரியும்?" என்றாள். "சங்கத்துக் கூட்டத்துல நான் எந்திரிச்சுப் பேசறேன். நீ தப்பா கணக்குப் போடற பொண்ணு இல்ல."

"நிஜமாத்தான் சொல்றீங்களா?" என்று கேட்டேன். பதிலுக்கு மூச்சை வெடுக்கென்று உள்ளே இழுத்தாள். எங்கள் ஊரில் அதுதான் ஆமாம். அழுகை வந்துவிட்டது எனக்கு.

மார்ச் 27

ஸ்டாஃபான் தீர்மானத்தை எழுதிவிட்டார். துளைகளை மூடிவிட்டு நகரத்துச் சுடுநீர்க் குழாயோடு இணைந்துவிடலாமாம். மே இருபத்திநாலு ஆண்டுக் கூட்டத்தில் ஓட்டு.

மூடினால் நான் இங்கே எப்படி இருப்பேன்? தினமும் அந்த முற்றத்தைக் கடந்துதான் வேலைக்குப் போகவேண்டும். வீட்டை விற்றுவிட்டுப் போகலாமா என்று கேட்டேன். "பைத்தியமா உனக்கு?" என்றான் லெனார்ட். கொஞ்ச நேரம் கழித்து, "எந்தப் பக்கம் பாக்கலாம்?" என்று அவனே கேட்டான். அவனுக்கும் பயம்தான்.

ஏப்ரல் 14

ஏழாம் துளைக்குள் வெப்பமானிக் கம்பியை அடிவரை இறக்கினோம். மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகக் குளிர்ந்திருக்கிறது. ஒழுகலோ நிலத்தடி ஓட்டமோ இருந்தால் ஓரிடத்திலாவது வித்தியாசம் தெரியும். ஒன்றுமில்லை. கோடையே பார்க்காத பாறை மாதிரி இருக்கிறது. ஆனால் என் கணக்கில் நான்கு கோடையும் இருக்கிறதே? ஒவ்வொரு ஜூலையும் இறங்கிய சூடு இருக்கிறதே?

புரியவில்லை. புரியவே இல்லை.

மே 6

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

இன்று முற்றம் சுத்தம் செய்யும் நாள். எல்லோரும் துடைப்பமும் கையுமாக இறங்கினோம். ஸ்டாஃபான் தொத்திறைச்சி சுட்டார். பனிக்காலத்தில் வழுக்காமல் இருக்கப் போட்ட சரளைக் கற்களைக் குன்வோரும் நானும் கூட்டிக்கொண்டிருந்தோம். கரண்ட் செலவு பற்றிப் பேச்சு வந்தது.

"எல்லாரும் ஊருக்குப் போயிடறாங்க. யாருக்காவது அக்கறை இருக்கா?" என்றாள் குன்வோர். "ஜூன் கடைசில மிட்சோமர் பண்டிகைக்கு நான் கிளம்பறதுக்கு முன்னாடி கீழ போய்ச் செவப்புக் கைப்பிடிய இறக்கிட்டுத்தான் போவேன். ஆளில்லாத வீட்டுக்கு பம்ப் எதுக்கு ஓடணும்? பள்ளிக்கூடம் தொறக்கறப்ப வந்து போட்டுடுவேன். முப்பது வருஷமா ஒரு தடவகூட மறந்ததில்ல."

"எந்தச் செவப்புக் கைப்பிடி?" என்றேன். எந்தக் கைப்பிடி என்று எனக்குத் தெரியும். எண்ணெய்க் கொதிகலன் காலத்துப் பழைய மின்சாரப் பெட்டி. புதுசு எதற்கு என்று அதிலேயே கோடை பம்பை இணைத்தோம். பாறைக்குள் சூட்டை இறக்கும் பம்ப். வெப்பநிலையைப் பதியும் கருவியும் அதே பெட்டியில்.

"ஏண்டி இப்படி வெளுத்துப்போன?" என்றாள். தலைசுற்றல் என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன்.

மே 7

நான்கு வருடப் பதிவுகளையும் திறந்து வைத்துக்கொண்டேன். ஜூன் கடைசி முதல் ஆகஸ்ட் கடைசி வரை எதுவுமே இல்லை, வெற்றிடம். அது எனக்கு முன்பே தெரியும், அதுதான் வெட்கம். ஜூலையில் தகவல் வராவிட்டால் இங்கே யார் ஆச்சரியப்படுகிறார்கள்? பழுது பார்ப்பவன் விடுமுறையில், அலுவலகம் பூட்டு, நான் எங்கள் கோடை வீடு இருக்கும் தீவில் மீன் பிடித்துக்கொண்டிருக்கிறேன். செப்டம்பரில் வந்து, வழக்கமான கோடை என்று எண்களைப் போட்டு நிரப்பினேன். நான் நிரப்பிய எண்களையே சாட்சியாக வைத்துக்கொண்டு பாறையைச் சந்தேகப்பட்டேன். கட்டடத்தில் ஜூலையில் பத்துப் பேர் இருந்திருந்தால்கூட முதல் வாரமே புழுக்கம் தாங்காமல் கத்தியிருப்பார்கள். ஒருத்தரும் இல்லை.

கண்டுபிடித்துவிட்டேன். சந்தோஷம் வரவேண்டும், வரவில்லை. இதை எப்படிச் சொல்வது? என்னைக் காப்பாற்ற எழுந்து பேசப்போகிறவளிடம் போய், "நீங்கதான்" என்று எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் துளைகள் மூடப்படும். சொன்னால் ஸ்டாஃபான் அவளைக் கிழிகிழியென்று கிழித்துவிடுவார். யாருக்கும் சொல்லாமல் நானே ஒரு பூட்டு போட்டுவிட்டால்? கூட்டத்தில் என்ன காரணம் சொல்வேன்?

"சொல்லிடு" என்கிறான் லெனார்ட். அவனுக்கென்ன, சொல்லிடு.

மே 11

சொல்லிவிட்டேன். கேக் வாங்கிக்கொண்டு போனேன், முட்டாள்தனம். கேக்கோடு சொல்லும் விஷயமா அது.

முழுக்கக் கேட்டாள். கோப்பையைக் கீழே வைத்தாள். "அப்ப நாலு கோடையும்?" என்றாள்.

"ஆமா. ஆனா தப்பு உங்களோடது இல்ல. அந்தப் பெட்டிய மாத்தச் சொல்லாதது நான். ஒரு வார்த்த எழுதி ஒட்டாததும் நான்."

"ரெண்டாம் மாடிக் குழந்தைக்குச் சளி பிடிச்சுதே, அது?"

குன்வோர் எழுந்து போய் மேசைவிரிப்பில் விழுந்த பொடிகளைத் துடைத்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே, "சரி, நீ போம்மா" என்றாள். 'டி' போய் 'அம்மா' வந்துவிட்டது. அந்த மரியாதை தாங்கவில்லை எனக்கு.

மே 24

கூட்டம். குன்வோர் கடைசி வரிசையில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

கோடை பம்ப் நான்கு வருடமும் இரண்டு மாதம் நின்றிருக்கிறது, அதனால் பாறைக்குச் சூடு திரும்பவில்லை என்றேன். அந்த மாதங்களுக்கு நானே எண் போட்டு நிரப்பினேன் என்பதையும் சொன்னேன். சொல்லும்போது காது எரிந்தது.

"யாரு நிறுத்தினது?" என்றார் ஸ்டாஃபான்.

"ஜூலை மாசம் இந்தக் கட்டடத்துல யாரு இருந்தீங்க? கைய தூக்குங்க" என்றேன்.

ஒரு கைகூட எழவில்லை. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

"நான் கேட்டதுக்கு அது பதில் இல்லையே."

"நிறுத்தக் கூடாதுன்னு நான் யார்கிட்டயும் சொல்லல. அதான் பதில்."

ஸ்டாஃபான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஒரு கோடை தர்றோம், இங்கேலா. அடுத்த குளிர்லயும் காலுறை ரெண்டு போட வெச்சன்னா, நானே சிமெண்டு வாங்கிட்டு வருவேன்" என்றார். தீர்மானம் ஒரு வருடம் தள்ளிப்போனது.

காபி வருவதற்குள் குன்வோர் போய்விட்டாள். பேசறேன் என்று சொன்னவள் வாயைத் திறக்கவில்லை. கோபமா? அவமானமா? நான் அவள் பெயரைச் சொல்லாதது பிடித்ததா, அதுவும் குத்தியதா? எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 12

சலவை அறைச் சுவரில் ஒரு சீட்டும் இல்லை. மூன்று வாரமாக. வடிகட்டியில் பஞ்சு மெத்தை மாதிரி கிடக்கிறது. யாரோ வேண்டுமென்றே ஈரத்துணியை நாள் முழுக்க இயந்திரத்தில் விட்டுப் பார்த்தார்களாம். அப்போதும் வரவில்லை. "அந்தம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று இரண்டாம் மாடிப் பெண் என்னிடமே கேட்டாள்.

ஜூன் 23

மிட்சோமர். தீவில் கம்பத்தைச் சுற்றி ஆட்டம், ஊறவைத்த மீன், புது உருளைக்கிழங்கு. ஒன்றும் இறங்கவில்லை. முப்பது வருடப் பழக்கம், குன்வோரின் கை தானாகப் போய்விட்டால்? மற்றவர்கள் பாடிக்கொண்டிருக்கும்போது காரை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன். லெனார்ட் தலையில் அடித்துக்கொண்டான்.

கட்டடத்தில் ஈ காக்கை இல்லை. பம்ப் அறைக் கதவைத் திறப்பதற்கு முன்பே சத்தம் கேட்டது. ஓடிக்கொண்டிருந்தது.

சிவப்புக் கைப்பிடிக்கு ஒரு கம்பளிக் கையுறை மாட்டி, நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. யார் பின்னியது என்று சொல்லத் தேவையில்லை. அவிழ்க்க வேண்டுமென்றால் கத்தரிக்கோல் வேண்டும், அத்தனை முடிச்சு. குழாயைத் தொட்டுப் பார்த்தேன். கீழே போவது வெதுவெதுப்பாக, மேலே வருவது ஜில்லென்று. அங்கேயே தரையில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன்.

அவள் வீட்டு மணியை அடித்தேன். இல்லை, போய்விட்டாள்.

செப்டம்பர் 2

பதிவில் ஜூலை இருக்கிறது. ஒவ்வொரு நாளும். நான் எதையும் நிரப்பவில்லை.

குன்வோர் முற்றத்தில் தலையசைத்தாள். அவ்வளவுதான். அது நல்லதற்கா?

ஜனவரி 30

வெளியே மைனஸ் இருபத்திநாலு. வீட்டுக்குள் இருபத்தொன்று. கீழிருந்து வரும் நீர் மைனஸ் இரண்டரை. நான்கு வருடக் குளிர் ஒரே கோடையில் தீராது. ஆனால் ஏறுகிறது. லிஃப்டில் ஸ்டாஃபான் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். பாறையைப் பற்றிப் பேச்சில்லை, ஐஸ் ஹாக்கி பற்றிப் பேசினார்.

சாயங்காலம் துணி எடுக்கப் போனேன். இயந்திரத்தின் மூடியில் ஒரு சீட்டு, நான்கு மூலையிலும் ஒட்டியிருந்தது.

"இங்கேலா! பஞ்சை அள்ளாமல் போனது நீதான். எனக்குத் தெரியும். – குன்வோர்"

கிழியாமல் உரித்து எடுத்து வந்து ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். நாளைக்கு ஏலக்காய் பன் வாங்கவேண்டும். முதலில் பஞ்சை அள்ளிவிட்டு வருகிறேன்.