மூக்குக்குக் கீழே ஒரு படம்

மார்ச் 4

கோந்துக்கு,

‘அன்புள்ள’ என்று தொடங்கக் கை வரவில்லை. உன் எண்ணை நேற்று மதியமே பிளாக் செய்துவிட்டேன். ஆனால் திட்டாமல் இருக்கவும் முடியவில்லை. அதனால் தபால்தலை வாங்கி ஒட்டித் திட்டுகிறேன்.

நேற்று ஒத்திகை அறைக்குள் நுழைகிறேன். எங்கள் டிரம்ஸ்காரன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "அண்ணே, இந்த வாய் உங்க வாயா?" என்கிறான். பார்த்தால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு படங்கள். ஒன்றில் மேல்வரிசை முன்பல் இரண்டும் இல்லாமல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன். இன்னொன்றில் நீ செய்துகொடுத்த பல்லோடு இளிக்கிறேன். மேலே உன் பல் லேபின் பெயர். கீழே ‘என் கைவேலையிலேயே தலைசிறந்தது’ என்று நீயே உனக்குக் கொடுத்துக்கொண்ட பட்டம்.

குளியலறையில் வழுக்கி வாஷ்பேசினில் மோதிக்கொண்ட பிறகு அந்த முதல் படத்தை உனக்கு எதற்கு அனுப்பினேன்? "ஈறு எப்படி இருக்குன்னு பாக்கணும், நல்லா வாயைத் திறந்து அனுப்புடா" என்று நீ கேட்டாய், அனுப்பினேன். உன் பக்கத்தைப் பார்க்கிற ஊர் உலகத்துக்காக அனுப்பவில்லை.

சரி, படத்தில் பெயர் இல்லை, மூக்குக்குக் கீழேதான் தெரிகிறது. எதையாவது சொல்லி மழுப்பியிருப்பேன். ஆனால் எவனோ ஒருத்தன் கமெண்டில் ‘பல் கோணலா இருக்கே, இதையா பெருமையா போட்டிருக்க?’ என்று கேட்டுவிட்டான். உடனே உனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ‘இவர் டிரம்பெட் வாசிப்பவர். பழைய பல் எப்படிக் கோணியிருந்ததோ அப்படியே இருந்தால்தான் டிரம்பெட் உதட்டில் பழையபடி உட்காரும். அவருடைய இசைக்குழுவில் முதல் இருக்கையே இவருக்குத்தான்’ என்று ஒரு விளக்கவுரை. இந்த நகரத்தில் எத்தனை இசைக்குழுடா இருக்கிறது?

நான் டைஃபாய்டு என்று சொல்லித்தான் விடுப்பு எடுத்திருந்தேன். பல் போன டிரம்பெட்காரனை நம்பி, தனியாக வாசிக்கும் இடமெல்லாம் வருகிற முதல் இருக்கையை யார் கொடுப்பார்கள்? பல் கட்டி, பழகி, ஒருவருக்கும் சந்தேகம் வராமல் திரும்பி வந்து உட்கார்ந்தும் விட்டேன். இப்போது குழுத்தலைவர் கூப்பிட்டு, "இருபத்தெட்டாம் தேதி நீங்களும் ரெண்டாவது இருக்கைப் பொண்ணும் வாசிச்சுக் காட்டுங்க. யாரு நல்லா வாசிக்கிறாங்களோ அவங்களுக்கு அந்த நாற்காலி" என்று சொல்லிவிட்டார். பதினெட்டு வருஷமாக நான் உட்கார்ந்த நாற்காலி. அந்தப் பெண் சும்மா இல்லை, பிரமாதமாக வாசிப்பாள். தோற்றால் ஓய்வு பெறும்வரை எனக்குப் பின்வரிசைதான்.

இப்போது திருப்திதானே?

ஒட்டகம்

*

மார்ச் 9

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

நீ எழுதாவிட்டால் போ, ‘அன்புள்ள’ என்று நான் எழுதுவேன். பள்ளிக்கூடத்தில் உன் கழுத்தைப் பார்த்துப் பெயர் வைத்தவன் நான். உன்னோடு ஒட்டிக்கொண்டே திரிகிறேன் என்று எனக்குக் கோந்து என்று பெயர் வைத்தவன் நீ. பிளாக் செய்தால் விட்டுவிடுவேனா?

உன் மனைவி, என் கூடப்பிறக்காத தங்கச்சி, எப்படி இருக்கிறாள்? அவளாவது என் பக்கம் இருக்கிறாளா, இல்லை இரண்டு பேருமாகச் சேர்ந்து திட்டுகிறீர்களா?

நீ எழுதியதைப் படித்ததும் படத்தை எடுத்துவிட்டேன். ஆனால் என் பக்கத்து நியாயத்தையும் கேள். உன் முகத்தைக் காட்டினேனா? கண் இல்லை, நெற்றி இல்லை, பெயர் இல்லை. ஒரு வாயை வைத்து யார் ஆளைக் கண்டுபிடிப்பார்கள்? அந்தக் கமெண்ட் போட்டவன் யார் தெரியுமா? எதிர்த்தெரு லேப்காரன். கோணல் என்கிறான்! நேரான பல்லை எவனும் செய்துவிடுவான். நீ சிரித்த பழைய படங்களை எல்லாம் பெரிதாக்கிப் பார்த்து, இடது பல் எவ்வளவு உள்வாங்கியிருந்தது என்று மெழுகில் செய்து, உருக்கி, மறுபடி செய்து கொண்டுவந்த கோணல் அது. அதைப் போய் அவன் குறை என்று சொன்னால் கை சும்மா இருக்குமா? தட்டிவிட்டேன்.

டைஃபாய்டு கதையை நீ என்னிடம் சொல்லவே இல்லையே. சொல்லியிருந்தால் வாயைத் திறந்திருப்பேனா? நல்ல செய்தி, நாலு பேர் சந்தோஷப்படட்டும் என்று நினைத்தேன். எத்தனை பேர் வாழ்த்தினார்கள் தெரியுமா?

இன்னொன்று. நான் சோபாவில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிய படத்தை நம் வகுப்பு குரூப்பில் போட்டது யார்? நான் யாரையாவது பிளாக் செய்தேனா? பெரிய மனுஷன்மாதிரி சிரித்துவிட்டுப் போனேன்.

கோபத்தை விட்டுவிட்டு ஒரு போன் பண்ணு.

உன்
கோந்து

*

மார்ச் 13

கோந்துக்கு,

எடுத்துவிட்டாயாம். நீ எடுத்தால் போதுமா? நேற்று என் மச்சினனுக்கு எங்கிருந்தோ அந்தப் படம் வந்திருக்கிறது. ‘காதல் கடிதத்துக்குப் பதில் வருவதற்கு முன், வந்த பின்’ என்று மேலே ஒரு வரி. முகம் தெரியாத யாரோ எழுதியது. மச்சினன் என்னிடமே காட்டிச் சிரிக்கிறான், பாவம், அது நான் என்று அவனுக்குத் தெரியாது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

சோபா படத்தை இதோடு சேர்க்காதே. நான் எடுத்தேன், உன்னை எழுப்பிக் காட்டினேன், நீயே பார்த்து விழுந்து விழுந்து சிரித்து "போடுடா, போடு" என்றாய். கேட்டுப் போட்டது அது.

இப்போது ஒன்று சொல்கிறேன். பல் போன பிறகு என் மனைவி முன்னால்கூட நான் வாயைத் திறக்கவில்லை. கைக்குட்டையால் மூடிக்கொண்டு பேசினேன், சுவரைப் பார்த்துச் சாப்பிட்டேன். அவள் எவ்வளவோ கேட்டும் காட்டவில்லை. இனிமேல் வாசிக்கவே முடியாது என்று அந்த வாயைப் பார்த்தால் அவளுக்கும் தெரிந்துவிடும் என்ற பயம். உலகத்திலேயே உன் ஒருத்தனுக்குத்தான் திறந்து காட்டினேன். அதை அவளே கடைசியில் யாருடைய போனிலோ பார்த்தாள். அடுப்படியில் போய் நின்றுகொண்டாள்.

தினமும் வாசித்துப் பார்க்கிறேன். மேல்ஸ்தாயிக்குப் போனால் உடைகிறது. எதிரே இருக்கிறவர்கள் எல்லாம் காதால் கேட்காமல் என் வாயையே பார்ப்பதுபோல் இருக்கிறது, உதடு இறுகிவிடுகிறது. நீ செய்த பல்லில் எந்தக் குறையும் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது, உன்னை முழுசாகத் திட்டவும் முடியவில்லை.

இனி எழுத வேண்டாம்.

ஒட்டகம்

*

மார்ச் 19

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒன்றை மட்டும் படித்துவிடு.

எங்கள் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே புதிதாக ஒரு பல் கிளினிக் திறந்திருக்கிறார்கள். முந்தாநாள் பஸ்ஸை விட்டு இறங்குகிறேன், எதிரே நீ நிற்கிறாய். கண்ணாடிக் கதவு முழுக்க உன் வாய். இரட்டைக் கதவு அது. இடது கதவில் பல் இல்லாத நீ, வலது கதவில் பல் உள்ள நீ. ஒவ்வொரு ஆள் உள்ளே போகும்போதும் நீ இரண்டாகப் பிரிந்து வழிவிடுகிறாய். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதலில் எனக்குக் கோபம் வந்தது உனக்காக இல்லை. படத்தின் மேலே இருந்த என் லேப் பெயரை வெட்டிவிட்டார்கள். என் வேலையை என்னைக் கேட்காமல் எடுத்து மாட்டுவதா என்று நேரே உள்ளே போய்க் கத்தினேன்.

வரவேற்பில் இருந்த பெண் பதறவே இல்லை. "நெட்டுல இருந்துச்சு சார். யாரோ போட்டிருந்தாங்க" என்றாள்.

"யாரோ இல்லம்மா, நான்தான் போட்டேன்."

"ஓ, இது உங்க வாயா சார்?"

"இல்ல, என் ஃப்ரெண்டோடது."

"அப்ப அவர்கிட்ட கேட்டுட்டுத்தானே போட்டீங்க?"

ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டாள். பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் எனக்கு அசடு வழிந்தது. வெளியே வந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை நாள் அந்தப் படத்தில் நான் ஈறையும் பல்லையும்தான் பார்த்திருந்தேன். அன்றைக்குத்தான் உன் உதட்டோரம் கோணியிருப்பதைப் பார்த்தேன். அழுகையை அடக்கிக்கொண்டு எடுத்திருக்கிறாய். என் கண்ணுக்கு அது ஏன் முன்பே படவில்லை என்று தெரியவில்லை.

மறுபடி உள்ளே போய் அதை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன். கிளினிக்காரர் நல்ல மனுஷர். "நீங்களே எடுத்துக்கங்க" என்றார். வெந்நீரும் மெழுகு செதுக்கும் கத்தியும் கொண்டுபோய் நானே சுரண்டி எடுத்தேன். சாலையில் போகிறவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அதற்கப்புறம் யார் யார் பக்கத்தில் அது இருக்கிறதோ ஒவ்வொருவருக்கும் எழுதிக் கேட்டேன். நிறையப் பேர் எடுத்துவிட்டார்கள். சிலர் என்னையே கிண்டல் செய்தார்கள். ஒருத்தன் சிரிக்கிற பொம்மையை அனுப்பிவிட்டு எடுக்கவே இல்லை. எல்லாவற்றையும் என்னால் திரும்பப் பிடிக்க முடியவில்லைடா. அதையும் உன்னிடம் மறைக்க மாட்டேன்.

தப்பு என்னுடையது. எதிர்த்தெருக்காரன் காரணம் இல்லை, டைஃபாய்டும் காரணம் இல்லை. நீ என்னை நம்பித் திறந்த வாய் அது, நான் அதை என் கடைக்கு விளம்பரமாக்கிவிட்டேன். தங்கச்சியிடமும் சொல்லிவிடு.

இருபத்தெட்டாம் தேதி நன்றாக வாசி. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

கோந்து

*

மார்ச் 29

அடேய் கோந்து!

ஜெயித்துவிட்டேன்டா! நாற்காலி என்னுடையது!

உன் கடிதம் வந்த அன்றைக்கு அதை என் மனைவியிடம் கொடுத்தேன். கதவு இரண்டாகப் பிரிகிற இடத்தில் சிரிக்க ஆரம்பித்தாள். உதட்டோரம் என்று நீ எழுதியிருந்த இடத்தில் நிறுத்திவிட்டு, "போனை எடுங்க. அந்தப் படத்தை நீங்களே எனக்குக் காட்டுங்க" என்றாள். காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள். "இவ்வளவுதானா? இதுக்காகவா சுவரைப் பார்த்துச் சாப்பிட்டீங்க?" என்றாள். அன்றைக்குச் சாயங்காலம் அவளை எதிரே உட்கார வைத்து வாசித்தேன். மேல்ஸ்தாயி ஒரு இடத்தில்கூட உடையவில்லை.

நேற்று ஒத்திகை அறையில் குறுக்கே ஒரு திரை. இந்தப் பக்கம் நானும் அந்தப் பெண்ணும், அந்தப் பக்கம் குழு முழுக்க. யார் வாசிக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியக்கூடாதாம். அவள் முதலில் வாசித்தாள். ஐயோ, என்ன வாசிப்பு! எனக்கே கைதட்டத் தோன்றியது. பிறகு நான் எழுந்தேன். டிரம்பெட்டை உதட்டில் வைத்தேன், அந்தக் கோணல் பல்லில் அது போய்த் தானாக உட்கார்ந்தது. மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். மேலே ஏறும் இடம் வந்ததும் ஒன்றையுமே யோசிக்கவில்லை, ஊதினேன். கடைசி ஸ்வரத்தைப் பிடித்தேன் பார், விடவே மனசில்லை. மூச்சு தீர்ந்த பிறகும் அறைக்குள் அது கொஞ்ச நேரம் நின்றது.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து குழுத்தலைவர், "ரெண்டாவதா வாசிச்சவரு" என்றார். டிரம்ஸ்காரன் ஒரு முழக்கு முழக்கினான் பார், ஜன்னல் அதிர்ந்தது! அந்தப் பெண் முதல் ஆளாக வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

திரை எதற்கு என்று தலைவரைக் கேட்டேன். "அந்தப் படத்தைப் பார்த்துட்டேனே. உங்களை எதிரே வெச்சுக்கிட்டு அந்த வாயை மறந்து கேக்க என்னால முடியாது. அதான்" என்றார். மனுஷர் எனக்கு எதிராகச் செய்கிறார் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? போனை எடுத்து அந்தப் படத்தைத் திறந்து, "இந்தாங்க, எல்லாரும் நல்லாப் பாருங்க, டைஃபாய்டு வந்த வாய்!" என்று ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன். அறையே சிரித்தது, நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். நானாகக் காட்டும்போது கொஞ்சமும் கூசவில்லை.

ஏப்ரல் 11 கச்சேரி. நுழைவுச்சீட்டு உள்ளே வைத்திருக்கிறேன். உன் எண்ணை இன்னும் திறக்கவில்லை. கொஞ்சம் கோபம் மிச்சம் இருக்கிறது, அது தீரட்டும். வந்துவிடு.

ஒட்டகம்

*

ஏப்ரல் 14

அன்புள்ள கோந்துக்கு,

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். கச்சேரி முடிந்து நீ கட்டிப்பிடித்தபோதே கோபம் போய்விட்டது. ஆனால் இதைப் போனில் கேட்க வேண்டாம் என்று பட்டது. போனில் கேட்டால் யோசிக்காமல் கட்டைவிரலைத் தூக்கி அனுப்பிவிடுவாய்.

அன்றைக்கு மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாத ஒன்று, அப்போது நீ மட்டும் எழவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே வாயைப் பிளந்துகொண்டு, கண்ணும் மூக்கும் ஒழுக, குழந்தைமாதிரி அழுதுகொண்டிருந்தாய். பக்கத்து இருக்கையிலிருந்து உன் தங்கச்சி அதைப் படம் எடுத்துவிட்டாள். பதினெட்டு வருஷத்தில் என் வாசிப்புக்குக் கிடைத்த பரிசுகளில் அதற்கு இணையாக ஒன்றும் இல்லைடா. ஊர் முழுக்கக் காட்ட வேண்டும்போல் கை துறுதுறுக்கிறது.

போடலாமா? யோசித்துச் சொல். வேண்டாம் என்றாலும் வருத்தப்பட மாட்டேன்.

உன்
ஒட்டகம்

*

ஏப்ரல் 18

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

உன் கடிதத்தை லேபில் நின்றுகொண்டே படித்தேன். ‘போடலாமா?’ என்று நீ கேட்டிருந்த வரியை மட்டும் மறுபடி மறுபடி படித்தேன்.

முதலில் போடட்டுமே என்றுதான் தோன்றியது. என் வேலை எப்படிப் பாடுகிறது என்று நாலு பேர் பார்ப்பார்களே! பிறகு அந்த நேரத்தை நினைத்துப் பார்த்தேன். நீ அந்தக் கடைசி ஸ்வரத்தைப் பிடித்தாய். மண்டபமே உன்னை அண்ணாந்து பார்த்தது. நான் பல்லை நினைக்கவில்லை, லேபை நினைக்கவில்லை. என் ஒட்டகம் திரும்ப வந்துவிட்டான் என்ற ஒன்றுதான் மனசில் இருந்தது. இனி நீ வாசிக்கவே மாட்டாயோ என்று இத்தனை மாதமாக நானும் பயந்துகொண்டுதான் இருந்தேன், உன்னிடம் சொல்லவில்லை. அதெல்லாம் சேர்ந்து வந்த அழுகை அது.

அதனால் போடாதேடா. தங்கச்சியிடம் ஒரு பிரதி எடுத்துத் தரச் சொல்லி உன் டிரம்பெட் பெட்டிக்குள் வைத்துக்கொள். நான் அழுதது ஊருக்குத் தெரிய வேண்டாம், உனக்குத் தெரிந்தால் போதும்.

என்றும் உன்
கோந்து