ஒற்றைக் கண்ணும் ஆறு மாதமும்

செவ். ஜூலை 8

காலையிலேயே புழுக்கம். வாய்க்காலில் இன்னும் தண்ணீர் வரவில்லை, இவருக்கு அந்தக் கவலை. காபி மறுபடி டம்ளருக்கு வெளியே. இந்த வாரம் மூன்றாவது தடவை.

"டம்ளரு இங்க நம்மூரு பூவத்துல இருக்கு, நீ கடலோரம் கிளிஞ்சல்மேட்டுல ஊத்துற" என்றார். வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை.

நாளை பிளஸ் ஒன்: நட்சத்திரத்தின் தூரத்தை அளப்பது. இந்தப் பாடம் எடுத்து மூன்று வருஷம் ஆச்சு. கலர் சாக்பீஸ், நூல் வாங்கணும். கேஸ் புக் பண்ணணும்.

புதன் 9

கட்டை விரலை நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்க்கணும். அப்புறம் மறு கண்ணை. விரல் நகர்ந்த மாதிரி தெரியும். அதிகம் நகர்ந்தால் கிட்டே, கொஞ்சமாக நகர்ந்தால் தூரம். நட்சத்திரத்துக்கும் இதே கணக்கு.

பிள்ளைகளோடு நானும். வலது கண்ணை மூடினேன். எல்லாம் மங்கல், விரலையே காணோம்.

"கரண்டு போயிடுச்சா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"மிஸ், ஃபேன் ஓடுது மிஸ்!" ஒரே சிரிப்பு. நானும் சிரித்து வைத்தேன்.

ஸ்டாஃப் ரூமில் காலண்டரை வைத்து நாலு தடவை பார்த்தேன். இடது கண்ணில் ஓரமாகக் கொஞ்சம் வெளிச்சம், அவ்வளவுதான். இவரிடம் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது.

வெள்ளி 11

அரை நாள் லீவு. கண் டாக்டர். கண்ணுக்குள் அழுத்தமாம், நரம்பு கெட்டுவிட்டதாம்.

"ஏம்மா இவ்ளோ லேட்டா வந்தீங்க?"

"வலிக்கலையே டாக்டர்."

"இது வலிக்காதும்மா. போன பார்வை திரும்பாது, ஒரு கண்ணால தூரம் கணிக்கவும் கஷ்டம்தான். வலது கண்ணைக் காப்பாத்தலாம். சொட்டு மருந்து ஒரு நாளும் தவறக் கூடாது."

பஸ்ஸில் ஜன்னலோரம். அழுதேன். இரண்டு கண்ணிலும்தான் தண்ணீர் வந்தது.

ஞாயிறு 13

இவரிடம் சொல்லிவிட்டேன். காபி டம்ளரை எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "காபிக்குக் கேலி பண்ணிட்டேனே" என்றார். அதற்கு நான்தான் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது.

மாலை கடைக்கு நடந்தோம். எப்போதும் வலப்பக்கம் வருபவர், இடப்பக்கம் மாறி வந்தார்.

திங். 14

வாய்க்காலில் தண்ணீர்! இவர் விடியும் முன்பே வயலுக்கு.

பாடத்தை முடித்தேன். கடைசி பெஞ்சு பர்வீன்: "நமக்கு ரெண்டு கண்ணு இருக்கு. பூமிக்கு ஏது மிஸ்?"

"ஒண்ணுதான். இன்னைக்கு ஒரு தடவை பாக்கும். ஆறு மாசத்துல சூரியனுக்கு அந்தப் பக்கம் போயிடும்ல, அங்கேருந்து மறுபடி பாக்கும்."

"அப்ப ஒரு கண்ணே போதுமா மிஸ்?"

"போதும்" என்றேன். கேலக்ஸிகள் இந்தக் கணக்குக்கு எட்டாது, அது அடுத்த வாரம்.

மாலை காபி. தலையை இப்படிக் கொஞ்சம் சாய்த்து, அப்படிக் கொஞ்சம் சாய்த்து, டம்ளரைப் பார்த்தேன்.

"என்னா, தலைய ஆட்டிக்கிட்டு நிக்கிற?"

"இருங்க. தூரம் பாக்குறேன்."

ஊற்றினேன். ஒரு சொட்டு வெளியே போகவில்லை.